ஜேம்ஸ் ஸ்டூவர்ட்: நல்லவர் வேடத்துக்குள் இருந்த கோபம்

கேள்வி இதுதான்: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எல்லாப் படங்களிலும் திக்கித் திணறிப் பேசும் ஓர் அப்பாவி நல்லவராகவே வந்து போனார், தன்னையேதான் திரும்பத் திரும்ப நடித்தார், அப்படியிருக்க அவரை ஏன் ஹாலிவுட்டின் மிகச் சிறந்த நடிகர்களில் ஒருவர் என்கிறார்கள்? கூடவே அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள்.

இப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அவர் அறிமுகமாவது 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற இரண்டு படங்கள் வழியாக. இரண்டுமே ஃபிராங்க் காப்ரா இயக்கியவை. இரண்டிலும் ஊருக்காகப் போராடும் எளிய மனிதர். ஆனால் அந்த இரண்டாவது படத்தையே கொஞ்சம் கவனமாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம்.

1908 மே 20ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சிறு நகரத்தில் பிறந்தார். அப்பா அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் அங்கே ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார், தலைமுறையாக வந்த கடை. தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். அப்பா ஸ்பானிய அமெரிக்கப் போருக்கும் போனவர், முதல் உலகப் போருக்கும் போனவர். ஞாயிறு தவறாமல் சர்ச், பிரெஸ்பிடேரியன் என்ற புராட்டஸ்டன்ட் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த கண்டிப்பான குடும்பம். பையனுக்கு விமானப் பைத்தியம். 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அப்பாவின் கடை ஜன்னலில் வரைபடம் வைத்து, சிறு விமான மாதிரியை நகர்த்தி நகர்த்தி ஊராருக்குக் காட்டியவர் இவர்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1932இல் பட்டம் வாங்கினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் உச்சம் அது. புதிதாகக் கட்டடம் கட்ட யாரிடமும் பணமில்லை. கல்லூரியில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு நாடகத்தில் தலைகாட்டிய பழக்கம் இருந்ததால், கல்லூரி நண்பர் ஜாஷுவா லோகன் அழைத்ததும் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் ஃபால்மவுத்தில் இருந்த யுனிவர்சிட்டி பிளேயர்ஸ் நாடகக் குழுவுக்குப் போனார். ஹென்றி ஃபோண்டாவும் மார்கரெட் சல்லவனும் அந்தக் குழுவின் வழியாக வந்தவர்கள்தான். அவர் வாழ்க்கையில் இந்த இரண்டு பெயர்களும் முக்கியம்.

ஃபோண்டாவோடு நியூயார்க்கில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வேலை தேடினார், பிறகு ஹாலிவுட்டிலும் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஃபோண்டா ஜனநாயகக் கட்சி, ஸ்டூவர்ட் பழுத்த குடியரசுக் கட்சி. ஒருமுறை அரசியல் பேசப்போய்க் கைகலப்பு வரை போய்விட்டது. அன்றோடு அரசியல் பேச்சுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மாதிரி விமானம் செய்வதும் பட்டம் விடுவதுமாக ஏறத்தாழ 50 ஆண்டுகள் நண்பர்களாகவே இருந்தார்கள். 1982இல் ஃபோண்டா இறக்கும்வரை அந்த நட்பு முறியவில்லை. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லி, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சினிமாக்காரர்களை நிறுத்தி வைத்துக் கேட்ட மெக்கார்த்தி காலத்தையும் தாண்டி வந்த நட்பு இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சல்லவன் செய்த உதவி வேறு வகை. எம்ஜிஎம் பட நிறுவனம் 1935இல் ஸ்டூவர்ட்டை ஒப்பந்தம் செய்தது, ஆனால் இந்த ஒல்லியான, ஆறடி மூன்றங்குல உயர இளைஞனை வைத்து என்ன செய்வதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. சிறு சிறு வேடங்கள் கொடுத்தார்கள். அதற்குள் நட்சத்திரமாகிவிட்ட சல்லவன், 'நெக்ஸ்ட் டைம் வி லவ்' (1936) படத்தில் தனக்கு ஜோடியாக இவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கேமராவுக்கு முன்னால் குரலையும் கையையும் எவ்வளவு அடக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவருக்கு முதலிடம். இருவரும் சேர்ந்து நடித்த நான்கு படங்களில் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) ஒரு பொக்கிஷம். புடாபெஸ்ட் நகரத்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பேர், நேரில் முட்டிக்கொள்கிறார்கள், பெயர் தெரியாமல் கடிதத்தில் காதலிக்கிறார்கள். ஸ்டூவர்ட் அதில் கர்வமும் காயமும் உள்ள குமாஸ்தா. உண்மை தனக்குத் தெரிந்த பிறகும் அதை அவளிடம் சொல்லாமல் எதிரில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். அப்பாவி நல்லவர் அங்கே கிடையாது. கொஞ்சம் குரூரமும் நிறையக் காதலும் ஒரே பார்வையில் இருக்கும்.

'மிஸ்டர் ஸ்மித்' 1939இல் வந்தது. செனட் சபையில் மணிக்கணக்கில் நின்று பேசித் தொண்டை கட்டிப்போகும் காட்சிக்காக, மருத்துவரை வைத்துத் தொண்டையில் பாதரசக் கலவை ஒன்றைத் தடவிக்கொண்டு குரலைக் கரகரக்க வைத்தார். தன்னையே நடிக்கிறவருக்கு இந்தப் பாடு எதற்கு? அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' படத்துக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு போட்டியில் தோற்றவர்களில் ஒருவர் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தில் நடித்த ஃபோண்டா. பரிசு உண்மையில் ஃபோண்டாவுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்தும்கூட. ஆஸ்கர் சிலையை அப்பா கேட்டு வாங்கித் தன் ஹார்ட்வேர் கடையில் வைத்தார். பல ஆண்டுகள் அது அங்கேதான் இருந்தது.

இனி போர். ஸ்டூவர்ட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

1935இலேயே விமானம் ஓட்ட உரிமம் வாங்கியிருந்தார், 1938இல் வணிக விமானி உரிமமும் வாங்கினார். 1940இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தபோது, உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு நடிகராக இருந்தால் நிம்மதியாக ஸ்டுடியோவுக்குத் திரும்பியிருப்பார். இவர் சாப்பிட்டு எடையேற்றிக்கொண்டு, 1941 மார்ச்சில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆஸ்கர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ராணுவத்துக்கோ இந்த ஆளைப் போர்முனைக்கு அனுப்பத் தயக்கம். பெரிய நட்சத்திரம் ஒருவர் எதிரி மண்ணில் விழுந்து செத்தால் நாடே சோர்ந்துபோகும். ஆள்சேர்ப்புப் படங்களில் பேச வைத்தார்கள், விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். அவர் விடாமல் கேட்டு, 1943 இறுதியில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் டிபென்ஹம் தளத்துக்கு 445ஆம் குண்டுவீச்சுப் பிரிவில் ஒரு ஸ்குவாட்ரன், அதாவது விமான அணியின் தலைவராகப் போய்ச் சேர்ந்தார். பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானங்கள். சூடேற்றும் வசதி சரியாக இல்லாத விமானத்துக்குள் 20,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் முகமூடியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே விமான எதிர்ப்புப் பீரங்கிகள், பக்கத்தில் ஜெர்மன் சண்டை விமானங்கள்.

1944 பிப்ரவரி 24 அன்று கோத்தா நகரத்து விமானத் தொழிற்சாலையைத் தாக்கப் போன அவர் பிரிவின் 25 விமானங்களில் 13 திரும்பவில்லை. அன்று அவர் பறக்கவில்லை. மறுநாளே நியூரம்பர்க் அருகே ஃபூர்த் நகரத்தின் மேல் நடந்த தாக்குதலுக்குப் போனார். பீரங்கிக் குண்டு அவர் விமானத்தின் அடிப்பகுதியைத் துளைத்து, காலுக்குப் பக்கத்திலேயே ஓட்டை போட்டது. அந்த நிலையிலும் விமானம் தளத்துக்கு வந்து சேர்ந்தது, தரையிறங்கியதும் உடைந்தது. இறந்தவர்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் ஸ்குவாட்ரன் தலைவரின் பொறுப்புதான். பக்கத்து ஓல்ட் பக்கன்ஹம் தளத்துக்கு 453ஆம் பிரிவின் நடவடிக்கை அதிகாரியாக மாற்றப்பட்ட பிறகும் கடினமான தாக்குதல்களுக்குத் தானே முன்னால் போனார். மொத்தம் 20 போர்ப் பறப்புகள். சிப்பாயாகச் சேர்ந்தவர் நான்கு ஆண்டில் கர்னல் ஆனார். வீரத்துக்கான டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் விருது இரண்டு முறை, பிரான்சின் குருவா த கெர் விருதும். பிறகு ரிசர்வ் படையில் தொடர்ந்து, 1959இல் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

திரும்பி வந்ததும் அவர் வைத்த நிபந்தனை, தன் போர்ச் சேவையைப் பட விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. அதைப் பற்றி அதிகம் பேசவும் மாட்டார். போர்க்களத்தில் கண்டது படங்களில்தான் வெளிப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

திரும்பி வந்தபோது அவருக்கு 37 வயது, பார்க்க அதைவிட முதிர்ந்திருந்தார். நடிப்பு வயது வந்த ஒரு மனிதனுக்கு ஏற்ற தொழில்தானா என்ற சந்தேகம் வந்தது. அந்த நேரத்தில் காப்ரா கொண்டுவந்த கதைதான் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு பார்க்கும் இனிமையான படம் என்று அதற்குப் பெயர். நான் அதில் பார்ப்பது, ஊரைவிட்டுப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு மனிதனின் அடக்கி வைத்த கோபத்தை.

தொலைபேசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூவர்ட் நடிக்கும் ஜார்ஜ் பெய்லியும் அவன் காதலிக்கும் மேரியும் ஒரே ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுமுனையில் பணக்கார நண்பன் தொழில் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஸ்டூவர்ட்டின் முகம் அவள் கூந்தலுக்கு மிக அருகே. திடீரென்று அவள் தோள்களைப் பிடித்துக் குலுக்கி, எனக்குப் பணமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்று கத்துகிறார். கண்ணில் நீர். கத்தி முடித்த அதே மூச்சில் அவளைக் கட்டி அணைக்கிறார். காதல் வந்துவிட்டது, அதோடு ஊரைவிட்டுப் போகும் கனவு செத்துவிட்டது. இரண்டும் ஒரே நொடியில் நடப்பதை உடலால் காட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்து, பணம் தொலைந்த இரவில், பிள்ளைகள் முன்னால் வீட்டுப் பொருட்களை உதைத்து நொறுக்குகிறார். பிறகு மதுக்கடையில், ஜெபம் செய்து பழக்கமில்லாத மனிதன் வாய்க்குள் முனகும் ஜெபம். அங்கே வந்த அழுகை தானாக வந்தது என்று பின்னாளில் ஸ்டூவர்ட்டே சொல்லியிருக்கிறார். காப்ரா அந்த ஷாட்டை லேபில் பெரிதாக்கி நெருக்கக் காட்சியாக மாற்றிக்கொண்டார்.

1946 டிசம்பரில் வெளியான படம், போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அதனால் தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் இலவசமாகப் போட்டுத் தள்ள, அடுத்த தலைமுறை அதைத் தன் படமாக்கிக்கொண்டது. பின்னாளில் அதற்கு வண்ணம் பூசியபோது ஸ்டூவர்ட் கொதித்துப் போனார், அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய் எதிர்த்துப் பேசினார்.

1950களில் வந்த ஸ்டூவர்ட் வேறு மனிதர். இயக்குநர் ஆந்தனி மான், 1950 முதல் 1955 வரை அவரை வைத்து எட்டுப் படங்கள் எடுத்தார். அவற்றில் ஐந்து வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படங்கள். முதல் படம் 'வின்செஸ்டர் '73'. ஒரு காட்சியில் வில்லன் டான் துரியாவின் கையை முறுக்கி, தலையை மதுக்கடை மேசையில் அழுத்திப் பிடிக்கிறார் ஸ்டூவர்ட். அந்தக் கண்களில் தெரியும் வெறி, 'மிஸ்டர் ஸ்மித்' ரசிகர்களை அதிர வைத்தது. 'தி நேக்கட் ஸ்பர்' (1953) அதைவிடக் கடுமையானது. கொலராடோ மலையில் மொத்தமே ஐந்து முக்கியப் பாத்திரங்கள். இழந்த பண்ணையை மீட்க, தலைக்கு விலை வைத்த குற்றவாளியைப் பிடித்துப்போகும் மனிதன் ஸ்டூவர்ட். இறுதியில் பிணத்தை இழுத்துக்கொண்டே, விலைக்கு விற்கப் போகிறேன் என்று அடம்பிடித்து, அழுது, உடைந்துபோகிறார். கௌபாய் கதாநாயகன் அப்படி விம்மி அழுததை அதற்குமுன் யாரும் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். மான் படங்களைப் பார்க்காமல் ஸ்டூவர்ட்டைப் பற்றி முடிவுக்கு வரவே கூடாது என்பேன்.

'வின்செஸ்டர் '73' இன்னொரு விதத்திலும் வரலாறு. யுனிவர்சல் நிறுவனத்தால் அவர் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. ஏஜென்ட் லூ வாசர்மேன் சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு என்று பேசி முடித்தார். படம் ஓடியது, சம்பளத்தைவிடப் பல மடங்கு கிடைத்தது. லாபப் பங்கு முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அது நட்சத்திரங்களிடையே பரவலாகி, மாதச் சம்பளத்தில் நடிகர்களைக் கட்டிப்போட்டிருந்த ஸ்டுடியோ முறை ஆட்டம் கண்டது. முயல் ஒன்று தன் நண்பன் என்று நம்பும் மனிதனைப் பற்றிய 'ஹார்வி'யும் அதே ஒப்பந்தப் பேச்சில் வந்ததுதான். பிராட்வே மேடையிலும் அந்த வேடத்தைச் செய்திருக்கிறார், மிகவும் விரும்பிய வேடம்.

திகில் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கோடு நான்கு படங்கள். 'ரோப்' (1948) பரிசோதனை முயற்சி, அதில் அவர் பொருந்தவில்லை. 'ரியர் விண்டோ' (1954) முழுக்கக் கால் கட்டோடு சக்கர நாற்காலியில். எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. படத்தின் பாதி அவருடைய முகம்தான், எதைப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த முகம்தான் நமக்குச் சொல்கிறது. ஆர்வம், குறும்பு, வெட்கம், பயம் என்று வசனமே இல்லாமல் நகரும் நடிப்பு. 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1956) படத்தில் மகன் கடத்தப்பட்ட செய்தியை மனைவியிடம் சொல்லும் முன், டாக்டரான கணவன் அவளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிடுகிறான். அன்பு, அதிகாரம் இரண்டும் பின்னிய அந்தக் காட்சி எனக்கு இன்றும் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

'வெர்டிகோ' (1958) எல்லாவற்றுக்கும் மேலே. இறந்துபோனதாக நம்பும் பெண்ணின் சாயலை, உயிரோடு இருக்கும் இன்னொருத்தியின் மேல் உடையாலும் கூந்தல் நிறத்தாலும் வலிந்து ஏற்றும் மனிதன். இந்த வேடத்தை எதிர்மறை நடிகர் ஒருவர் செய்திருந்தால் நாம் தள்ளி நின்று வெறுத்திருப்போம். ஊர் நம்பும் நல்ல முகம் அதைச் செய்வதால்தான் நாமும் அவனோடு இழுபட்டுப் போகிறோம். ஹோட்டல் அறையின் பச்சை வெளிச்சத்தில் கதாநாயகி கிம் நோவாக் வெளிப்படும்போது ஸ்டூவர்ட்டின் கண்களில் ஏக்கமும் நன்றியும் பைத்தியமும் சேர்ந்தே தெரியும். அன்று படத்துக்குச் சுமாரான வரவேற்புதான், ஸ்டூவர்ட்டுக்கு வயதாகிவிட்டதுதான் காரணம் என்று ஹிட்ச்காக் நினைத்ததாகச் சொல்வதுண்டு. அடுத்த படம் கேரி கிராண்டுக்குப் போனது. ஹிட்ச்காக் தன் கையில் உரிமை வைத்திருந்த ஐந்து படங்கள் பல ஆண்டுகள் திரைக்கு வராமலே கிடந்தன. அவற்றில் நான்கு ஸ்டூவர்ட் நடித்தவை! 1983-84இல் அவை மறுபடி வெளியானபோதுதான் உலகம் அவரைப் புதிதாகக் கண்டது. 2012இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படம் எது என்று 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 'வெர்டிகோ' முதலிடம் பிடித்தது.

ஓட்டோ பிரெமிங்கரின் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) அவருக்கு ஐந்தாவது, கடைசி ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. கிராமத்து வக்கீலின் எளிமை முழுக்க ஓர் ஆயுதம் என்பதைச் சிரித்த முகத்தோடு காட்டுகிறார். தன்மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கையையே நடிப்பின் கருவியாக்கிய படம் அது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். தன் சிறுவயது நாயகன் லிண்ட்பர்க்காக நடிக்க ஆசைப்பட்டு 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' (1957) செய்தார். 25 வயது இளைஞன் வேடத்தில் 47 வயதுக்காரர், படம் தோற்றது. 1960க்குப் பிறகு ஜான் ஃபோர்டின் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) தவிர பெரிதாகச் சொல்ல அதிகமில்லை.

நாற்பது வயதுக்குமேல், 1949இல், குளோரியாவைத் திருமணம் செய்துகொண்டார். குளோரியாவுடைய முதல் திருமணத்து மகன்கள் இருவரையும் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். 1951இல் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். வியட்நாம் போரை அவர் வெளிப்படையாக ஆதரித்தவர், 1966இல் பார்வையாளராக ஒரு பி-52 தாக்குதல் விமானத்தில்கூடப் போனார். 1969 ஜூனில் மகன் ரொனால்ட், மரீன் படை அதிகாரி, வியட்நாமில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் ஸ்டூவர்ட் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போருக்குப் பிறரை மட்டும் அனுப்பியவர் அவரல்ல, அதை மறுக்க முடியாது.

1985இல் வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கரை அவர் கையில் கொடுத்தவர் கேரி கிராண்ட். 1994இல் குளோரியா நுரையீரல் புற்றுநோயில் இறந்ததும் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். 1997 ஜூலை 2 அன்று, 89ஆம் வயதில், பெவர்லி ஹில்ஸ் வீட்டில் காலமானார்.

பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. அடுத்து 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', கறுப்பு வெள்ளையில் மட்டும். பிறகு 'தி நேக்கட் ஸ்பர்', 'ரியர் விண்டோ', 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்'. 'வெர்டிகோ'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய படங்களில் அவரை நம்பிப் பழகிய பிறகு பார்த்தால்தான் அது முழுதாகத் தாக்கும்.